கை நடுக்கத்துக்குக் கத்தியில்லாத அல்ட்ராசவுண்ட் சிகிச்சை: வள்ளத்தில் நிற்பவருக்கு ஏற்றதா?

பதிவு 1 – பாம்பன் மருமகள்

என் மாமனாருக்கு வயது 67. நாட்டுப்படகில் தொழில் செய்தவர். இப்போது பெரும்பாலும் கரையிலிருந்து வலை பழுது பார்க்கிறார். ஆள் குறைந்த நாள்களில் மட்டும் என் கொழுந்தனாருடன் வள்ளத்தில் போகிறார். பல ஆண்டுகளாக அவருக்கு இரண்டு கைகளும் நடுங்குகின்றன, வலது கையில் அதிகம். மடியில் வைத்திருக்கும்போது கை அசையாமல்தான் இருக்கிறது. தேநீர்க் குவளையை வாய்க்குக் கொண்டுபோகும்போதும், வலை ஊசியைக் கண்ணிக்குள் நுழைக்கும்போதும், கூட்டுறவுச் சங்கத்தில் கையெழுத்துப் போடும்போதும் ஆடுகிறது. அவருடைய தாயாருக்கும் இதே நடுக்கம் இருந்ததாக வீட்டில் சொல்கிறார்கள்.

மதுரையில் நரம்பியல் மருத்துவர் பரிசோதித்து, இது பார்க்கின்சன் நோய் அன்று, எசென்ஷியல் ட்ரெமர், அதாவது கையைப் பயன்படுத்தும்போது வரும் நடுக்க நோய் என்று சொல்லிவிட்டார். மாமாவுக்கு ஆஸ்துமா இருப்பதால் ப்ரோப்ரனலால் மாத்திரை கொடுக்க இயலவில்லை. அதற்குப் பதிலாகக் கொடுத்த ப்ரிமிடோன் மாத்திரையைப் போட்ட முதல் நாளே தலைசுற்றலும் குமட்டலும் வந்ததால் அவர் அதைத் தொடரவில்லை.

இந்த நிலையில், தலையில் கவசம் போல ஒன்றை மாட்டி, கத்தி படாமல், அல்ட்ராசவுண்ட் அலையால் நடுக்கத்தை அன்றைக்கே நிறுத்துவதாக ஒரு காணொளி எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தது. நடுங்கிக்கொண்டிருந்த ஒருவர் சிகிச்சை முடிந்த உடனே தண்ணீர்க் குவளையைச் சிந்தாமல் பிடித்துக் குடிக்கிறார். என் கணவர் உடனே அழைத்துப் போகலாம் என்கிறார். மூளைக்குள் எதையும் செய்யக் கூடாது என்று அத்தை மறுக்கிறார். இது உண்மையான சிகிச்சையா, மாமாவைப் போன்றவருக்குப் பொருந்துமா என்பதை விவரம் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதிவு 2 – உச்சிப்புளிக்காரன்

எங்கள் பக்கத்தில் இதை நரம்புத் தளர்ச்சி என்று சொல்லிச் சத்து ஊசி போடுகிறார்கள். என் பெரியப்பா அப்படித்தான் மாதந்தோறும் போட்டுக்கொள்கிறார், நடுக்கம் குறைந்தபாடில்லை. ராமநாதபுரத்தில் ஒரு பிசியோதெரபி நிலையத்திலும் அல்ட்ராசவுண்ட் கருவி வைத்திருக்கிறார்கள். காணொளியில் வருவதும் அதே கருவிதான் என்றால், அவ்வளவு தொலைவு போக வேண்டிய தேவை என்ன?

பதிவு 3 – மதுரைச் செவிலி

நரம்பியல் பிரிவில் பணிபுரிகிறேன். முதலில் உச்சிப்புளி அன்பருக்கு ஒரு விளக்கம். பிசியோதெரபி நிலையத்தில் மூட்டின் மேலும் தசையின் மேலும் தேய்க்கும் கருவியின் அலை மண்டையோட்டைத் தாண்டி மூளையின் ஆழத்துக்குப் போவதில்லை. அந்தக் கருவியால் கை நடுக்கத்தைத் தீர்ப்பதாக யாராவது சொன்னால் பணம் கொடுக்க வேண்டாம். சத்து ஊசியும் அப்படியே. வைட்டமின் பி 12 குறைபாடு இருப்பதாக இரத்தப் பரிசோதனையில் தெரிந்தால் அதற்காகப் போடலாம், எசென்ஷியல் ட்ரெமருக்கு அது மருந்தன்று.

காணொளியில் வரும் சிகிச்சை உண்மையானது. எம்.ஆர்.ஐ. வழிகாட்டலில் குவிக்கப்பட்ட அல்ட்ராசவுண்ட் என்று அதைச் சொல்வார்கள். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எசென்ஷியல் ட்ரெமருக்காக 2016ஆம் ஆண்டு அதற்கு ஒப்புதல் அளித்தது. தமிழ்நாட்டில் கோயம்புத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் இந்த வசதி உண்டு.

அதன் செயல்முறையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் உங்கள் அத்தையின் அச்சத்துக்கும் உங்கள் கணவரின் அவசரத்துக்கும் பதில் அதற்குள்தான் இருக்கிறது. நோயாளியின் தலைமுடி முழுவதும் மழிக்கப்படும். முடிக்கிடையில் காற்றுக் குமிழ்கள் தங்கினால் அலை அங்கே தடைபட்டுத் தலைத்தோல் சுட்டுவிடும். பிறகு தலை அசையாமல் இருக்க, தோலை மட்டும் மரத்துப்போகச் செய்யும் ஊசி போட்டு, நான்கு திருகுகள் கொண்ட ஒரு சட்டத்தை மண்டையில் பொருத்துவார்கள். தலைக்கும் கவசத்துக்கும் இடையில் குளிர்ந்த நீர் சுற்றிக்கொண்டே இருக்கும். எலும்பு இந்த அலையை உறிஞ்சிச் சூடாகும் என்பதால் அந்தக் குளிர்ச்சி தேவை. கவசத்தின் உள்புறத்தில் 1024 அலைபரப்பிகள் இருக்கின்றன. கரைவலையின் இரு கயிறுகளையும் ஊரே சேர்ந்து இழுக்கும்போது ஒருவருடைய இழுப்பு மட்டும் தனியாக எதையும் நகர்த்துவதில்லை, எல்லாருடைய இழுப்பும் சேர்ந்து மடியைக் கரைக்குக் கொண்டுவருகிறது அல்லவா, அதுபோல இந்த அலைகள் ஒவ்வொன்றும் தாம் கடந்துபோகும் திசுவைப் பாதிக்காமல் சென்று, சில மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரே இடத்தில் ஒன்றுசேர்ந்து அங்கே மட்டும் வெப்பத்தை உண்டாக்குகின்றன.

அந்த இடம் மூளையின் ஆழத்தில் தலாமஸ் என்னும் பகுதிக்குள் இருக்கிறது. சிறுமூளையிலிருந்து வரும் அசைவுச் செய்திகள் அதன் வழியாகவே மேல்மூளைக்குப் போகின்றன. நடுக்கத்தின் தாளமும் அந்தப் பாதையில்தான் ஓடுகிறது. முதலில் குறைந்த ஆற்றலில் சுமார் 45 டிகிரி வரை சூடாக்கிப் பார்ப்பார்கள். அந்த வெப்பத்தின் விளைவு தற்காலிகமானது. நோயாளி விழித்தே இருப்பார். ஒவ்வொரு முறையும் அவரைச் சுருள் கோடு வரையச் சொல்வார்கள், பேசச் சொல்வார்கள், உதடோ விரலோ மரத்துப்போகிறதா என்று கேட்பார்கள். நடுக்கம் குறைந்து வேறு தொல்லை எதுவும் வராவிட்டால்தான் வெப்பத்தை 55 முதல் 60 டிகிரி வரை உயர்த்துவார்கள். எம்.ஆர்.ஐ. படத்தில் அந்த வெப்பநிலையை உடனுக்குடன் அளந்துகொண்டே இருப்பார்கள். அந்த வெப்பத்தில் அந்தச் சிறு பகுதி அழிகிறது, மீண்டும் வளர்வதில்லை.

ஆகவே உங்கள் கணவரிடம் சொல்ல வேண்டியது இதுதான்: கத்தி இல்லை, மண்டையில் துளை இல்லை, கதிர்வீச்சும் இல்லை என்பதெல்லாம் சரி, ஆனால் செய்ததைத் திரும்பப் பெற இயலாது. அத்தையிடம் சொல்ல வேண்டியது, மருத்துவர்கள் கண்ணை மூடிக்கொண்டு சுடுவதில்லை, சோதித்துப் பார்த்த பிறகே சுடுகிறார்கள் என்பது.

பதிவு 4 – தொண்டி ஓய்வாசிரியர்

எனக்கே இந்த நடுக்கம் உண்டு. கரும்பலகையில் எழுதும்போது பிள்ளைகள் பார்த்துச் சிரித்ததும், மாற்றுச் சான்றிதழில் கையொப்பமிடும் வேலையை உதவித் தலைமையாசிரியரிடம் தள்ளிவிட்டதும் நினைவில் இருக்கின்றன. எனக்கு ஆஸ்துமா இல்லாததால் ப்ரோப்ரனலால் பயன்படுகிறது. நடுக்கம் முழுவதும் போகவில்லை; குவளையைப் பாதி நிரப்பினால் சிந்தாமல் குடிக்கிறேன், அதுவே எனக்குப் போதும். நாடித்துடிப்பைக் குறைக்கும் மாத்திரை என்பதால் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டுவதில்லை, திடீரென்று நிறுத்துவதும் இல்லை.

மருமகள் எழுதியிருப்பதைப் படித்ததும் ஒரு கேள்வி தோன்றியது. மாமாவுக்கு ஆஸ்துமா என்றால் அதற்கு அவர் என்ன மருந்து எடுத்துக்கொள்கிறார்? சால்பியூட்டமால் மருந்துக்குக் கையை நடுங்கச் செய்யும் இயல்பு உண்டு. உள்ளிழுக்கும்போது குறைவு, மாத்திரையாக விழுங்கினால் அதிகம். தியோஃபிலின் வகை மாத்திரைகளும் அப்படித்தான். ஏற்கெனவே நடுங்கும் கையை அவை இன்னும் ஆட்டும். என் நண்பர் ஒருவருக்குத் தைராய்டு மிகையாகச் சுரந்ததால் நடுக்கம் வந்திருந்தது, அதைச் சரிசெய்ததும் நின்றுவிட்டது. தலைக்குக் கவசம் மாட்டுவதற்கு முன் மருந்துப் பெட்டியைத் திறந்து பார்ப்பது செலவில்லாத வேலை.

இன்னொன்று, சொல்லத் தயங்கினாலும் சொல்கிறேன். மது அருந்தினால் இந்த நடுக்கம் சிறிது நேரம் அடங்கும். நோயைக் கண்டறிய மருத்துவர்களே அதைக் கேட்பதுண்டு. கடற்கரை ஊர்களில் சிலர் இதையே மருந்தாக்கிக்கொண்டு, மறுநாள் காலையில் இரட்டிப்பாக நடுங்குவதை நான் பார்த்திருக்கிறேன்.

பதிவு 5 – கீழக்கரை சபுராளி

இந்தச் சிகிச்சையை நேரில் பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். லாத்தாவின் (அக்காவின்) கணவர், என் மச்சான், வெளிநாட்டில் இதைச் செய்துகொண்டார். நான்தான் உடன் இருந்தேன். காணொளியில் சில நிமிடங்களில் முடிவது போலத் தெரியும். உண்மையில் காலையில் தலையை மழித்ததிலிருந்து வெளியே வரும் வரை அரை நாள் ஆகிவிட்டது. திருகுகளைப் பொருத்தும்போதுதான் மிகவும் வலித்தது என்றார். வெப்பத்தை உயர்த்திய ஒவ்வொரு முறையும் சில நொடிகள் தலைக்குள் கொதிப்பதுபோல இருந்ததாகவும், படகு கவிழ்வது போன்ற கிறுகிறுப்பும் குமட்டலும் வந்ததாகவும் சொன்னார். நிறுத்து என்றால் நிறுத்துவதற்கு ஒரு பொத்தானை அவர் கையிலேயே கொடுத்திருந்தார்கள்.

வெளியே வந்ததும் வலது கையால் பேனாவைப் பிடித்துத் தம் பெயரை எழுதினார். மச்சான் அழுதார், நானும் அழுதேன். அந்தப் பகுதி காணொளியில் இருப்பது போலவேதான்.

காணொளியில் இல்லாததையும் சொல்ல வேண்டும். இடது கை முன்புபோலவே நடுங்குகிறது, ஏனெனில் மூளையின் ஒரு பக்கத்தில் மட்டும்தான் செய்தார்கள். முதல் சில வாரங்கள் நடக்கும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்தார். குளியலறைக்குப் போகவும் ஆள் பிடிக்க வேண்டியிருந்தது. அது சரியாகிவிட்டது. உதட்டோரத்தில் மரத்துப்போன உணர்வு இன்னும் இருக்கிறது. இவ்வளவுக்குப் பிறகும், மறுபடி செய்துகொள்வீர்களா என்று கேட்டால் ஆம் என்கிறார். அவர் கணக்கு எழுதுபவர், நாற்காலியில் அமர்ந்து செய்யும் வேலை.

பதிவு 6 – மண்டபம் வள்ளக்காரர்

சபுராளியின் கடைசி வரியைத்தான் எல்லாரும் கவனிக்க வேண்டும். ஒரு பக்கமாகச் சாய்ந்தார் என்பது வீட்டில் ஒரு பொருள், வள்ளத்தில் வேறு பொருள். வாடைக் காலத்தில் பாக் நீரிணையில் அலை குறுகலாகவும் விரைவாகவும் வரும். வள்ளத்தின் ஓரத்தில் நின்று வலையை இழுப்பவர் கண்ணால் பார்த்து நிதானிப்பதில்லை, காலே நிதானித்துக்கொள்ளும். கை நடுங்கும் ஆள் வலை ஊசியைக் கோக்கத் தாமதிப்பார், அதனால் யாரும் சாகப் போவதில்லை. கால் தடுமாறும் ஆள் தண்ணீருக்குள் விழுவார்.

கை நிற்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள். கால் நிற்குமா என்று கேளுங்கள். செவிலி அம்மா இதற்குக் கணக்கோடு பதில் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பதிவு 7 – மதுரைச் செவிலி

வள்ளக்காரர் கேட்டது இந்தச் சிகிச்சையைப் பற்றிக் கேட்க வேண்டிய முதன்மையான கேள்வி. கணக்கைச் சொல்கிறேன்.

2016ஆம் ஆண்டு வெளியான முதன்மை ஆய்வில் 76 நோயாளிகள் பங்கேற்றார்கள். அவர்களில் 56 பேருக்கு உண்மையான சிகிச்சை, 20 பேருக்கு எல்லாச் சடங்கும் செய்து அலையை மட்டும் அனுப்பாத போலிச் சிகிச்சை. கை நடுக்கத்தை 32 வரை அளக்கும் மதிப்பெண் ஒன்று உண்டு. உண்மையான சிகிச்சை பெற்றவர்களின் சராசரி 18.1இலிருந்து மூன்று மாதத்தில் 9.6 ஆகக் குறைந்தது. போலிச் சிகிச்சை பெற்றவர்களுக்கு 16.0 என்பது 15.8 ஆனது, அவ்வளவுதான். ஓராண்டு முடிவில் உண்மையான சிகிச்சை பெற்றவர்களின் மதிப்பெண் 10.9. அதாவது சராசரியாக நடுக்கம் பாதிக்குச் சற்றுக் குறைவாகத் தணிந்தது, சிறிது திரும்பியும் வந்தது. காணொளியில் காட்டப்படுபவர் அந்தச் சராசரியைவிட நன்றாகத் தேறியவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி கால். அதே ஆய்வில் 36 விழுக்காட்டினருக்கு நடையில் தடுமாற்றமும், 38 விழுக்காட்டினருக்கு மரத்துப்போதல் அல்லது ஊசி குத்தும் உணர்வும் வந்தன. சுட்ட இடத்தைச் சுற்றி முதல் வாரங்களில் வீக்கம் இருக்கும். அது வடிந்ததும் பலருக்கு நடை சீராகிவிடுகிறது. ஆனாலும் ஓராண்டுக்குப் பிறகு 9 விழுக்காட்டினருக்கு நடைத் தடுமாற்றமும் 14 விழுக்காட்டினருக்கு மரத்துப்போன உணர்வும் நீடித்தன. அதன்பின் குறிவைக்கும் முறைகள் மேம்பட்டிருக்கின்றன. இருந்தாலும் பதினொருவரில் ஒருவருக்கு நீடித்தது என்ற அந்தக் கணக்கை, வள்ளத்தில் நிற்பவர் ஒதுக்கிவிடக் கூடாது.

இதோடு சேர்த்து அறிய வேண்டியது, எசென்ஷியல் ட்ரெமர் உள்ள சிலருக்குச் சிகிச்சைக்கு முன்பே சமநிலை லேசாகக் குறைந்திருக்கும். ஒரு காலின் குதியை மற்றக் காலின் விரல்நுனியில் தொட்டு வைத்து நேர்க்கோட்டில் நடக்கச் சொன்னால் அது வெளிப்படும். மாமாவைத் தரையில் அப்படி நடக்கச் சொல்லுங்கள், பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். இப்போதே தடுமாறினால் அதை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள்.

பதிவு 8 – சாயல்குடி பனைவீட்டார்

எங்கள் அப்பா பனையேறி. பாளை சீவும் கத்தி கையில் ஆடத் தொடங்கியதும் மரம் ஏறுவதை நிறுத்திவிட்டார். அவருக்கு நாங்கள் செய்தது ஆழ்மூளைத் தூண்டல், டி.பி.எஸ். என்பார்கள். மண்டையில் துளையிட்டு, இங்கே சொல்லப்படும் அதே தலாமஸ் இடத்தில் மெல்லிய மின்கம்பியை வைத்து, அதைத் தோலுக்கடியில் கொண்டுவந்து, காறை எலும்புக்குக் கீழே மார்பில் பதித்த மின்கலத்தோடு இணைத்தார்கள். எசென்ஷியல் ட்ரெமருக்கு அமெரிக்காவில் 1997இலேயே ஒப்புதல் பெற்ற முறை, எனவே அல்ட்ராசவுண்டைவிடப் பழகிய முறை.

இதில் இரண்டு பக்கமும் செய்ய இயலும் என்பதாலும், மின்னோட்டத்தைக் கூட்டவும் குறைக்கவும் அணைக்கவும் இயலும் என்பதாலும் நாங்கள் இதைத் தேர்ந்தெடுத்தோம். அப்பாவுக்கு முதலில் பேச்சுக் குழறியது. மின்னோட்டத்தை மாற்றியமைத்ததும் சரியானது. அல்ட்ராசவுண்டில் அப்படி ஒரு வசதி உண்டா?

பதிவு 9 – கீழக்கரை சபுராளி

பனைவீட்டார் கேட்பது நியாயம், அப்படி ஒரு வசதி இல்லை. ஆனால் மறுபக்கத்தையும் எழுதுங்கள். மண்டையில் துளையிடுகையில் இரத்தக் கசிவு ஏற்படவும் பிறகு கிருமி தொற்றவும் வாய்ப்புண்டு. மின்கலம் தீர்ந்தால் மீண்டும் அறுவை. மின்னோட்டத்தைச் சரிசெய்யத் தொடர்ந்து பயணம். என் மச்சான் சர்க்கரை நோயாளி, புண் ஆறுவதில் சிக்கல் உள்ளவர்; அதனால்தான் அவருக்குக் கருவி பதிப்பதை மருத்துவர்கள் விரும்பவில்லை.

பதிவு 10 – சாயல்குடி பனைவீட்டார்

ஒப்புக்கொள்கிறேன். தொடக்கத்தில் நாங்கள் திருவனந்தபுரத்துக்கு அலைந்த அலைச்சல் கொஞ்சமன்று. சாதாரண மின்கலம் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் தீரும். வெளியிலிருந்து மின்னேற்றம் செய்யக்கூடிய வகை நீண்ட காலம் வரும், விலை அதிகம். ஆனாலும் என் கருத்து மாறவில்லை. வள்ளக்காரர் சொன்ன கால் தடுமாற்றம் டி.பி.எஸ்.ஸிலும் வரலாம், அணைத்துப் பார்க்கலாம் என்ற ஒரு வழியாவது இருக்கிறது.

பதிவு 11 – நெறியாளர்

மின்காந்தப் படுக்கை விற்கும் ஒருவரின் பதிவு நீக்கப்பட்டது. நோயாளியின் மருத்துவ அறிக்கைகளைப் பெயருடன் இங்கே பதிவேற்ற வேண்டாம்.

பதிவு 12 – பாம்பன் மருமகள்

அனைவருக்கும் நன்றி. ஆசிரியர் ஐயா கேட்டபடி மாமாவின் மாத்திரை டப்பாவைப் பார்த்தேன். உள்ளிழுக்கும் மருந்து அநேகமாகத் தொடப்படாமல் கிடக்கிறது. கடலில் அது நனைந்துவிடும் என்று, மருந்துக் கடையில் வாங்கிய சால்பியூட்டமால் மாத்திரையை நாளுக்கு மூன்று வேளை விழுங்கி வருகிறார். இது மதுரை மருத்துவருக்குத் தெரியாது, ஏனெனில் ஆஸ்துமா மாத்திரை பற்றி அவர் கேட்டபோது மாமா உள்ளிழுக்கும் மருந்தை மட்டும் காட்டியிருக்கிறார்.

நேர்க்கோட்டு நடையையும் பார்த்தோம். பெரிதாகத் தடுமாறவில்லை, திரும்பும்போது மட்டும் சுவரைத் தொட்டார்.

இன்னும் சில ஐயங்கள் இருக்கின்றன. அவர் இதயத்துக்காக இரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை எடுத்துக்கொள்கிறார், அது தடையாகுமா? எல்லாருடைய மண்டையோடும் இதற்கு ஏற்றதன்று என்று காணொளியின் கீழே ஒருவர் எழுதியிருந்தார், அது உண்மையா? இடது கைக்குப் பிறகு செய்ய இயலுமா? விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம். அப்போது படகுக்காரர்களின் வலைகள் எல்லாம் பழுதுக்கு வரும் என்பதால், எது செய்வதானாலும் அதற்கு முன்போ பின்போ செய்ய வேண்டும் என்கிறார் மாமா.

பதிவு 13 – மதுரைச் செவிலி

மாத்திரை டப்பாவில் நீங்கள் கண்டதுதான் இந்த இழையிலேயே பயனுள்ள செய்தி. தாயாருக்கும் இருந்த நடுக்கம், பல ஆண்டுகளாக இருக்கும் நடுக்கம் என்பதால் அந்த மாத்திரையை மாற்றினால் முழுவதும் நின்றுவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். எவ்வளவு குறைகிறது என்று தெரிந்த பிறகே மற்றதை முடிவு செய்ய வேண்டும். நீங்களாக நிறுத்த வேண்டாம், மூச்சுத்திணறல் நடுக்கத்தைவிட ஆபத்தானது. நுரையீரல் மருத்துவரிடம் காட்டி, உள்ளிழுக்கும் மருந்தை முறையாகப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டு, அவர் சொல்லும்படி மாத்திரையைக் குறைக்க வேண்டும். நனைவதுதான் தடை என்றால், மூடி திருகும் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு எடுத்துச் செல்லலாம்.

இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை பற்றி: அதைச் சிகிச்சைக்கு முன் நிறுத்தியாக வேண்டியிருக்கும். நிறுத்துவது இதயத்துக்குப் பாதுகாப்பா என்பதை இதய மருத்துவர் எழுத்தில் சொல்ல வேண்டும். சிலருக்கு அந்த இடத்திலேயே இந்தச் சிகிச்சைக்கான கதவு மூடிவிடும். இதயத்துடிப்புக் கருவி பொருத்தியிருந்தாலும், எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் படுக்க இயலாத அளவு அச்சம் இருந்தாலும் அப்படித்தான். ஆஸ்துமாக்காரர் மல்லாந்து சில மணி நேரம் படுத்திருக்க இயலுமா என்பதையும் கேளுங்கள். வீட்டிலேயே தலையணை இல்லாமல் படுக்க வைத்துப் பார்த்தால் தெரியும்.

மண்டையோடு பற்றிக் கேட்டது உண்மை. எலும்பின் வெளி அடுக்குகளுக்கும் நடுவிலுள்ள பஞ்சு போன்ற அடுக்குக்கும் இடையிலான அடர்த்தி விகிதத்தைச் சி.டி. ஸ்கேன் எடுத்துக் கணக்கிடுவார்கள். அது 0.4க்கும் குறைவாக இருந்தால் பெரும்பகுதி ஆற்றல் எலும்பிலேயே சிதறி, குறித்த இடத்தில் போதிய வெப்பம் எழாமல் போகலாம். வயது, உடல்வாகு எதையும் பார்த்து இதைச் சொல்ல இயலாது. எனவே முதல் பயணத்தில் இந்த ஸ்கேன் மட்டும் எடுத்து முடிவு கேட்டு வாருங்கள், முன்பணம் எதுவும் கட்ட வேண்டாம்.

இடது கைக்கு: இரண்டாம் பக்கத்தைக் குறைந்தது ஒன்பது மாதம் கழித்துச் செய்ய 2022 டிசம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. ஆனால் இரு பக்கமும் சுட்டால் பேச்சுக் குழறுவதும் விழுங்குவதில் சிரமமும் நடைத் தடுமாற்றமும் வரும் வாய்ப்புக் கூடுகிறது. வள்ளத்தில் போகும் எண்ணம் இருக்கும் வரை இரண்டாம் பக்கத்தை நான் ஊக்குவிக்க மாட்டேன். வலை ஊசி பிடிப்பது வலக்கைதான் என்றால் ஒரு பக்கமே போதுமானதாக இருக்கலாம்.

பதிவு 14 – தொண்டி ஓய்வாசிரியர்

ப்ரிமிடோனை இன்னொரு முறை முயல வாய்ப்பிருக்கிறதா என்று கேளுங்கள். முதல் வேளையில் தலைசுற்றல் வருவது அதன் பழக்கம். அதனால்தான் மாத்திரையை உடைத்து மிகச் சிறிய அளவில் இரவில் தொடங்கி, வாரக்கணக்கில் கூட்டுவார்கள். டோபிராமேட் என்று ஒரு மருந்தும் உண்டு. அது சிறுநீரகக் கல்லை உண்டாக்கக்கூடியது. நம் வெயிலில் நாள் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் கடலில் இருப்பவருக்கு அதைக் கொடுப்பதற்கு முன் மருத்துவர் யோசிக்க வேண்டும், அவர் தொழிலை நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

செலவு குறித்து யாரும் எழுதவில்லை. லட்சங்களில் ஆகும் சிகிச்சை இது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கையில் இருக்கிறது என்று புறப்பட்டுவிடாமல், இந்தச் சிகிச்சையின் பெயரைச் சொல்லி, அதற்கு அனுமதி உண்டா இல்லையா என்பதை மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்குங்கள். வள்ளத்தையோ நகையையோ அடகு வைத்த பிறகு கேட்பதில் பயனில்லை.

பதிவு 15 – பாம்பன் மருமகள்

வீட்டில் பேசினோம். முதலில் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நுரையீரல் பிரிவுக்கு அழைத்துச் சென்று சால்பியூட்டமால் மாத்திரையை மாற்றக் கேட்கப் போகிறோம். பிறகு மதுரை மருத்துவரிடம் ப்ரிமிடோன் பற்றிப் பேசுவோம். அதன் பிறகும் கை இப்படியே இருந்தால், தடைக்காலம் முடிந்ததும் கோயம்புத்தூரில் சி.டி. ஸ்கேன் மட்டும் எடுத்து வருவோம். என் கணவருக்கு இந்தத் தாமதத்தில் வருத்தம்தான். அத்தை, ஸ்கேன் வரை சம்மதம் என்கிறார். மாமா எங்கள் எல்லாரையும்விட நிதானமாக, கடலை விட்டுவிடச் சொல்லாத சிகிச்சை எதுவோ அதைச் செய்யுங்கள் என்றார்.

பதிவு 16 – மண்டபம் வள்ளக்காரர்

நல்ல முடிவு. மாமா இப்போதும் வள்ளத்தில் போகிறார் என்பதால் ஒன்று. அல்ட்ராசவுண்டோ டி.பி.எஸ்.ஸோ எதைச் செய்தாலும், எப்போது கடலுக்குப் போகலாம் என்று மருத்துவரிடம் கேட்கும்போது வேலைக்குப் போகலாமா என்று பொதுவாகக் கேட்காதீர்கள். ஆடும் வள்ளத்தின் ஓரத்தில் நின்றுகொண்டு, இரண்டு கைகளும் வலையில் இருக்க, எதையும் பிடிக்காமல் நிற்க வேண்டும் என்று விளக்கிச் சொல்லிக் கேளுங்கள்.

பதிவு 17 – மதுரைச் செவிலி

அதை அப்படியே சொல்லுங்கள். போகும்போது மாமா சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும், கடையில் சீட்டில்லாமல் வாங்கியவை உட்பட, அட்டையோடு ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். சுருள் வரையச் சொல்லும்போது பள்ளிக்கூடம் போகாதவர் பேனாவைக் கண்டு தயங்குவார். அவருடைய வலை ஊசியும் ஒரு துண்டு வலையும் உடன் இருந்தால், மருத்துவர் முன்னாலேயே ஒரு கண்ணி முடிந்து காட்டச் சொல்லலாம். அதைக் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், மாத்திரை மாற்றிய சில வாரங்களுக்குப் பிறகு அதே வலை, அதே ஊசி கொண்டு மீண்டும் எடுத்து ஒப்பிட உதவும்.